ஸ்பானிஷில் "சுத்தமாகப் பிடிக்காது" என்று சொல்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியவர்களுக்கு முதல் மாதத்திலேயே "மெ குஸ்தா" வந்துவிடும். காபி பிடிக்கும், கால்பந்து பிடிக்கும், கடற்கரை பிடிக்கும் என்று பக்கம் பக்கமாகப் பயிற்சி இருக்கும். பிடிக்காததைச் சொல்ல வேண்டி வரும்போதுதான் நாக்கு தடுமாறும். "நோ மெ குஸ்தா" என்று சொன்னால், மனதில் இருக்கும் கடுப்பில் பாதிகூட வெளியே வருவதில்லை. அகராதியைப் புரட்டி "ஓதியோ", அதாவது "வெறுக்கிறேன்" என்று போட்டால், எதிரில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். உண்மையில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நாள் முழுக்கப் புழங்கும் சொற்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கின்றன.

நம்மில் பெரும்பாலோர் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. "ஐ லைக்", "ஐ ஹேட்" என்று ஆங்கிலத்தில் எப்போதும் 'நான்' முன்னால் வந்து நிற்கும். ஸ்பானிஷில் எரிச்சல், அருவருப்பு, கடுப்பு எல்லாம் பெரும்பாலும் 'எனக்கு' என்றுதான் தொடங்கும், தமிழில் மாதிரியே. ஆகவே ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, நேராகத் தமிழிலிருந்தே ஸ்பானிஷுக்குப் போவோம்.

முதலில் உச்சரிப்பு, இரண்டு நிமிடம்

இங்கே ஸ்பானிஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். சில விஷயங்களைக் கவனித்தால் போதும். ஒற்றை 'த' சொல்லின் நடுவில் வந்தால், 'அது' என்பதில் வருவதுபோல மென்மையாகச் சொல்லுங்கள். 'த்த' என்று இரட்டித்திருந்தாலோ, 'ஸ்த', 'ன்த' என்று வந்தாலோ 'பத்து' என்பதில் உள்ள வல்லோசை. 'குஸ்தா'வின் 'கு' என்பது 'குண்டு' என்பதன் 'கு'. 'ச' எங்கே வந்தாலும் 'ஸ' மாதிரி. 'ச்ச' என்றால் 'பச்சை' மாதிரி. 'ஹ' தொண்டையிலிருந்து கொஞ்சம் கரகரப்பாக வரும். 'ற' வந்தால் நாக்கை நன்றாக உருட்ட வேண்டும். சொல்லின் முதலில் வரும் 'ர'வுக்கும் அதே உருட்டல். ஸ்பானிஷ் உயிரெழுத்துகளில் குறில், நெடில் பேதம் கிடையாது. நம் எழுத்தில் அது இருந்தே தீரும் என்பதால், நெடிலைப் பார்த்து ரொம்ப இழுக்காதீர்கள்.

ஸ்பெயினின் பெரும்பகுதியில் சில 'ஸ' ஒலிகளை நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். இங்கே லத்தீன் அமெரிக்க வழக்கத்தையே எழுதியிருக்கிறேன். இரண்டும் எல்லா இடத்திலும் புரியும்.

படி 1: எனக்கா, நானா என்று முடிவு செய்யுங்கள்

"நான் காபியைப் பிடிக்கிறேன்" என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் காபி எங்கேயோ ஓடுகிறது என்று அர்த்தம். "எனக்குக் காபி பிடிக்காது" என்கிறோம். ஸ்பானிஷும் அதேதான்: "நோ மெ குஸ்தா எல் கஃபே." இதில் 'மெ' என்றால் எனக்கு. எழுவாய் காபி. நான் என்பது வாக்கியத்தில் எழுவாயாக எங்குமே இல்லை.

'மெ' மாதிரி மற்றவையும் வேண்டும். உனக்கு என்றால் 'தெ'. அவனுக்கு, அவளுக்கு, அவருக்கு, மரியாதையான உங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'லெ'. எங்களுக்கு, நமக்கு இரண்டுக்கும் 'நோஸ்'. அவர்களுக்கு 'லெஸ்'. பலரைப் பார்த்து "உங்களுக்கு" என்று சொல்ல லத்தீன் அமெரிக்காவிலும் இதே 'லெஸ்'தான். ஸ்பெயினில் நெருங்கியவர்கள் பலரை நோக்கி 'ஓஸ்' என்பார்கள்.

இரண்டு இடத்தில் தமிழ் நம்மைக் கைவிடும். முதலாவது பன்மை. தமிழில் ஒரு கரப்பான் பூச்சி பிடிக்காது என்றாலும், நூறு பிடிக்காது என்றாலும் 'பிடிக்காது' மாறுவதில்லை. ஸ்பானிஷில் எழுவாய்க்கேற்ப வினை மாறும்: ஒன்று என்றால் 'குஸ்தா', பல என்றால் 'குஸ்தான்'. "நோ மெ குஸ்தான் லாஸ் குக்கராச்சாஸ்" என்றால் கரப்பான் பூச்சிகள் எனக்குப் பிடிக்காது. ஆனால் பிடிக்காதது ஒரு செயல் என்றால், எத்தனை செயலை அடுக்கினாலும் ஒருமைதான். "நோ மெ குஸ்தா கொசினார் நி ஃப்ரெகார்": சமைப்பதும் பிடிக்காது, பாத்திரம் கழுவுவதும் பிடிக்காது.

இரண்டாவது, ஆளின் பெயரைச் சொன்னாலும் 'லெ' போகாது. "அம்மாவுக்குப் பிடிக்காது" என்பதை "ஆ மி மாத்ரெ நோ லெ குஸ்தா" என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு, அவளுக்கு என்று இரண்டு தடவை வருகிறதே என்று தோன்றும். வரட்டும், அதுதான் சரி. தமிழர்கள் அதிகமாக விட்டுவிடும் சொல் இந்த 'லெ'தான்.

படி 2: 'நாதா'வைப் போட்டு அழுத்துங்கள்

அழுத்திச் சொல்ல மிக எளிய வழி, கடைசியில் 'நாதா' சேர்ப்பது. 'நாதா' என்றால் ஒன்றுமில்லை. "நோ மெ குஸ்தா நாதா" என்றால் "எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை." வாக்கியத்தில் 'நோ'வும் இருக்கிறது, 'நாதா'வும் இருக்கிறது, இரண்டு எதிர்மறை சேர்ந்து நேர்மறை ஆகிவிடாதா என்று பயப்பட வேண்டாம். ஸ்பானிஷில் எதிர்மறைகள் ஒன்றையொன்று பலப்படுத்தும். இன்னும் அழுத்த வேண்டுமென்றால் "நாதா தெ நாதா" என்று இரட்டித்துவிடலாம்.

உச்சரிப்பில் கவனம் தேவைப்படும் இடம் இது. 'நாதா' என்று மென்மையாகச் சொன்னால் ஒன்றுமில்லை; 'நாத்தா' என்று அழுத்தினால் பாலாடை. ஸ்பெயினில் கேக்கின் மேல் அடிக்கும் கிரீமுக்கும் அதே பெயர்தான். "நோ மெ குஸ்தா நாத்தா" என்று நீங்கள் ஆவேசமாகச் சொன்னால், கேட்பவர் "பாலாடை பிடிக்காதாம்" என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. 'அது' என்பதன் 'து'வை நினைத்துக்கொண்டு சொல்லிப் பழகினால் தானாக வந்துவிடும். ஆங்கிலத்தின் 'டி' ஒலியைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு படி உண்டு. "நோ மெ குஸ்தா மூச்சோ" என்றால் "அவ்வளவாகப் பிடிக்காது." நாகரிகமான இடங்களில் நிஜமான வெறுப்பைக்கூட இப்படிச் சொல்லி மூடுவார்கள். 'முய்' என்ற சொல்லை வினையோடு சேர்க்காதீர்கள். அது பெயரடைக்கு முன்னால் வருவது.

படி 3: 'நான்' வினைகள், கடுமை வேண்டும்போது

இப்போது எழுவாயாக 'நான்' வரும் கூட்டம். "நோ சொப்போர்த்தோ", "நோ அகுவான்தோ" இரண்டுக்கும் "என்னால் தாங்க முடியாது, சகிக்க முடியாது" என்று பொருள். அன்றாடப் பேச்சில் உண்மையாக உழைப்பவை இவைதான். "ஓதியோ" என்பது வெறுக்கிறேன். "தெத்தெஸ்தோ" அதற்குச் சமம், கொஞ்சம் படித்த வாசனை அடிக்கும். "அபொறெஸ்கோ" எழுத்து நடைக்கு அருகில் நிற்கும் சொல், "அறவே வெறுக்கிறேன்" என்பதுபோல.

"அபொறெசேர்" என்ற அந்தக் கடைசி வினை எனக்குப் பிடித்த ஒன்று. தாய்ப்பறவை தன் கூட்டையோ முட்டையையோ குஞ்சையோ கைவிட்டுப் போவதற்கும் ஸ்பானிஷில் இதே வினைதான். அதோடு, ஒன்றைத் தின்று தின்று தெவிட்டிப்போய், இனிமேல் அதைப் பார்க்கவே வேண்டாம் என்று ஆவதற்கும் ஸ்பெயினில் இதைச் சொல்வார்கள். ஹாஸ்டலில் மூன்று வேளையும் ஒரே சாம்பார் போட்டால் நமக்கு வருமே, அந்த வெறுப்பு.

இந்த வினைகளோடு இரண்டு விதிகள். ஒன்று, பொதுவாக ஒரு பொருளைப் பற்றிப் பேசினாலும் முன்னால் 'எல்', 'லா', 'லோஸ்', 'லாஸ்' வேண்டும். "ஓதியோ லோஸ் லூனெஸ்" என்றால் "திங்கட்கிழமைகளை வெறுக்கிறேன்." வெறும் "ஓதியோ லூனெஸ்" என்று சொல்லக்கூடாது.

இரண்டாவது, வெறுக்கப்படுவது மனிதர் என்றால் முன்னால் ஓர் 'ஆ' சேரும். "நோ அகுவான்தோ எல் ருயீதோ": சத்தத்தைத் தாங்க முடியவில்லை. "நோ அகுவான்தோ ஆ மி பெசீனோ": என் பக்கத்து வீட்டுக்காரனைத் தாங்க முடியவில்லை. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்த 'ஆ' எதற்கு என்று தலையைச் சொறிவார்கள். நமக்கு அந்தக் கஷ்டமில்லை. "தண்ணீர் குடித்தேன்" என்று 'ஐ'யை விட்டுவிடலாம், ஆனால் "அண்ணன் பார்த்தேன்" என்று சொல்ல முடியாது, "அண்ணனைப் பார்த்தேன்" என்றே சொல்ல வேண்டும். உயர்திணைக்கு 'ஐ' கட்டாயம். ஸ்பானிஷின் 'ஆ'வும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. வீட்டில் பெயர் வைத்து வளர்க்கும் நாய்க்கும் பூனைக்கும்கூடப் பெரும்பாலும் இந்த மரியாதை கிடைக்கும்.

"ஓதியோ"வை எப்போது சொல்வது? பொருள்மேல், வேலைமேல், வானிலைமேல் தாராளமாகச் சொல்லலாம். இளைஞர்கள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். நண்பன் கடற்கரையில் கால் நீட்டிக் கிடக்கும் படத்தை அனுப்பினால் "தெ ஓதியோ" என்று சிரித்துக்கொண்டே பதில் போடுவதும் சகஜம். சிரிப்பில்லாமல் ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னால் அது கனமான சொல். அதற்கு வேறு வினை இருக்கிறது.

படி 4: ஆட்களைப் பிடிக்காவிட்டால் 'காயெர்'

தமிழர்கள் தடுக்கி விழும் பெரிய பள்ளம் இது. பொருள்களுக்குச் சொல்லும் 'குஸ்தார்' என்ற வினையை ஆட்களுக்குச் சொன்னால் பொதுவாகக் காதல் வாசனை வந்துவிடும். "மெ குஸ்தாஸ்" என்றால் "உன்மேல் எனக்கு ஒரு இது." ஆகவே ஒருவரைப் பார்த்து "நோ மெ குஸ்தாஸ்" என்றால், அவர் கேட்காத காதலை நீங்கள் மறுப்பதுபோல ஆகிவிடும்.

ஒருவரின் குணம், பேச்சு, நடவடிக்கை பிடிக்கவில்லை என்றால் "மெ காயெ மால்." 'காயெர்' என்றால் விழுதல். அவர் என்மேல் தப்பாக விழுகிறார் என்பது சொல்லுக்குச் சொல் பொருள். "அவரை எனக்கு ஆகாது" என்பது நடைமுறைப் பொருள். கடுமை கூட வேண்டுமென்றால் "மெ காயெ ஃபத்தால்." ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் "மெ காயெ கோர்தோ" என்றும் கேட்கலாம். அதில் வரும் 'கோர்தோ' குண்டு என்ற சொல்தான், ஆனால் இங்கே உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திசையைக் கவனியுங்கள்:

- "மெ காயெ மால்": அவரை எனக்குப் பிடிக்காது.
- "லெ காய்கோ மால்": என்னை அவருக்குப் பிடிக்காது.
- "மெ காயெஸ் மால்": உன்னை எனக்குப் பிடிக்காது.
- "தெ காய்கோ மால்": என்னை உனக்குப் பிடிக்காது.

யாருக்கு உணர்வோ அவர் 'எனக்கு, உனக்கு' பக்கம். யார் விழுகிறாரோ அவர் வினை முடிவில். இதைத் தமிழில் நினைத்தால் குழம்பாது, ஆங்கிலத்தில் நினைத்தால் நிச்சயம் தலைகீழாகும்.

இன்னும் காரம் வேண்டுமா? "நோ லோ த்ராகோ" என்றால் "அவனை என்னால் விழுங்க முடியவில்லை." பெண் என்றால் "நோ லா த்ராகோ." உச்சக்கட்டம் "நோ லோ புவேதோ பெர் நி என் பின்தூரா": ஓவியத்தில் வரைந்திருந்தால்கூட அவனைப் பார்க்கச் சகிக்காது. "அவன் முகத்திலேயே விழிக்கப் பிடிக்கவில்லை" என்று நாம் சொல்வதன் ஸ்பானிஷ் உறவினர்.

"மனீயா" என்று ஒரு சொல்லும் இருக்கிறது, காரணமில்லாமல் ஒருவர்மேல் வளரும் கடுப்பு. மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் ஸ்பெயினில் வீட்டுக்கு வந்து சொல்லும் சாக்கு, "எல் ப்ரோஃபெ மெ தியேனெ மனீயா", வாத்தியாருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. உலகம் முழுக்க ஒரே சாக்குதான் போலிருக்கிறது.

உணவோடு சேர்ந்தால் 'காயெர்' வேறு வேலை செய்யும். "லா லேச்செ மெ காயெ மால்" என்றால் பால்மேல் பகை என்று பொருளில்லை. பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றுக்குச் சேராது. ஸ்பெயினில் இதற்கு "மெ சியென்தா மால்" என்பது அதிகம்.

படி 5: அருவருப்புக்கு 'ஆஸ்கோ'

ஆங்கிலம் தெரிந்தவர்கள் 'டிஸ்கஸ்ட்' என்ற சொல்லை நினைத்துக்கொண்டு "மெ திஸ்குஸ்தா" என்று சொல்லிவிடுவார்கள். அது அருவருப்பு இல்லை, மனவருத்தம் அல்லது அதிருப்தி. குமட்டிக்கொண்டு வரும் அருவருப்புக்கு "மெ தா ஆஸ்கோ" வேண்டும். 'தா' என்றால் தருகிறது, அருவருப்பைத் தருகிறது. பல பொருள்கள் என்றால் "மெ தான் ஆஸ்கோ." குளியலறையில் வடிகாலில் சிக்கிய முடியைப் பார்த்தால் "கெ ஆஸ்கோ!" என்று கத்தலாம். நம்முடைய "ஐயே, சீ!" அதுதான். ஆட்களின் செயலைப் பற்றிச் சொன்னால் கடுமை பல மடங்கு ஏறும். "மெ தாஸ் ஆஸ்கோ" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகு உறவு சீராவது கஷ்டம்.

இதே 'தா' அச்சில் வேறு உணர்வுகளையும் வார்க்கலாம். "மெ தா ராபியா" ஆத்திரமாக வருகிறது. "மெ தா க்ரீமா" ஸ்பெயின் வழக்கு: கரும்பலகையில் நகம் கீறும்போது உடம்பு கூசுமே, அது. பல் கூசினால் "மெ தா தென்தேரா." தமிழில் "எனக்குக் கோபம் வருகிறது, எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்று சொல்லும் எதையும் கிட்டத்தட்ட இந்த அச்சில் போட்டுப் பார்க்கலாம்.

சாப்பாடு மோசமாக இருந்தால் "எஸ்தா அஸ்கெரோசோ." 'எஸ்தா' போட்டால் இந்தத் தட்டில் இப்போது இருப்பது மோசம். 'எஸ்' போட்டால் அந்த உணவே எப்போதும் மோசம். சமைத்தவர் பக்கத்தில் இருந்தால் இரண்டுமே வேண்டாம்.

எரிச்சலுக்கென்று ஒரு வரிசை உண்டு: "மெ மொலெஸ்தா" தொந்தரவாக இருக்கிறது, "மெ ஃபஸ்தீதியா" எரிச்சலூட்டுகிறது, "மெ ரெபியென்தா" பற்றிக்கொண்டு வருகிறது, "மெ சாக்கா தெ கீசியோ" பைத்தியம் பிடிக்க வைக்கிறது. கடைசியில் உள்ள 'கீசியோ' கதவின் கீல் இருக்கும் பக்கம். கதவைக் கீலிலிருந்து பெயர்த்ததுபோல் என்னைப் பெயர்க்கிறது. "மொலெஸ்தா"வைக் கேட்டு ஆங்கிலச் சொல் நினைவுக்கு வந்து யாரும் அதிர வேண்டாம். விடுதி அறைக் கதவில் தொங்கும் "நோ மொலெஸ்தார்" அட்டைக்கு "தொந்தரவு செய்யாதீர்கள்" என்பது மட்டுமே பொருள்.

படி 6: அடுத்தவர் செய்வது பிடிக்காவிட்டால்

இலக்கணம் கொஞ்சம் கடிக்கும் இடம். நீங்களே செய்யும் வேலை பிடிக்கவில்லை என்றால் வினையின் மூல வடிவம் போதும். "ஓதியோ எஸ்பெரார்": காத்திருப்பதை வெறுக்கிறேன். அடுத்தவர் செய்வது பிடிக்கவில்லை என்றால் 'கெ' போட்டு, அடுத்த வினையைச் 'சுப்ஹுன்தீபோ' என்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். "ஓதியோ கெ மெ ஆகான் எஸ்பெரார்": என்னைக் காக்க வைப்பதை வெறுக்கிறேன்.

வடிவம் மாற்றக் குறுக்குவழி: 'ஆர்' என்று முடியும் வினையில் 'ஆ' இருக்கும் இடத்தில் 'எ' போடுங்கள், 'எர்', 'இர்' வினைகளில் 'எ' இருக்கும் இடத்தில் 'ஆ' போடுங்கள். புகைக்கிறாய் என்பது 'ஃபூமாஸ்'. "மெ மொலெஸ்தா கெ ஃபூமெஸ்" என்றால் நீ புகைப்பது எனக்குத் தொந்தரவு. "நோ சொப்போர்த்தோ கெ லா ஹேன்தெ யேகெ தார்தெ" என்றால் ஆட்கள் தாமதமாக வருவதைச் சகிக்க முடியவில்லை. விதிவிலக்கான வினைகள் உண்டு, அவற்றை வரவரக் கற்றுக்கொள்ளலாம். தேர்வுப் பாடத்திட்டங்களில் இது பி1 என்ற இடைநிலையில் வரும். ஆனால் குறை சொல்லாமல் யாராலும் அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் முன்னாலேயே படித்துவிடுங்கள்.

வாக்கியத்தைத் தொடங்க ஒரு நல்ல பிடி: "லோ கெ மாஸ் ஓதியோ எஸ் கெ...", நான் எல்லாவற்றையும்விட அதிகம் வெறுப்பது என்னவென்றால். இதைச் சொல்லி ஒரு நொடி நிறுத்தினால் மேஜையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

படி 7: போதும் போதும் என்றானால்

ஒரு தடவை பிடிக்காமல் போவது வேறு, தினமும் சகித்துச் சகித்து வெறுத்துப் போவது வேறு. இரண்டாவதற்கு "எஸ்தோய் ஆர்த்தோ." சொல்பவர் பெண் என்றால் "ஆர்த்தா." எதனால் என்று சொல்ல 'தெ' சேருங்கள். "எஸ்தோய் ஆஸ்தா லா கொரொனீயா" என்றால் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஸ்பெயினில் "ஆஸ்தா லாஸ் நரீசெஸ்", மூக்கு வரை. மூக்கு வரையே மூச்சு முட்டிவிடும், உச்சந்தலை கொஞ்சம் அதிகப்படிதான்.

மாட்ரிதில் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டின் சமையலறையை வைத்து ஓர் உரையாடலைப் பார்ப்போம். மூன்றாவது ஆள் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

மார்த்தா: "எஸ்தோய் ஆர்த்தா. ஓத்ரா பெஸ் லோஸ் ப்ளாத்தோஸ் சின் ஃப்ரெகார்." (வெறுத்துப்போச்சு. மறுபடியும் தட்டெல்லாம் கழுவாமல் கிடக்கிறது.)

பாப்லோ: "ஆ மீ தம்பியென் மெ ஃபஸ்தீதியா." (எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.)

மார்த்தா: "நோ சொப்போர்த்தோ கெ லோஸ் தேஹெ ஆயீ தோதா லா நோச்செ." (ராத்திரி முழுக்க அப்படியே போட்டுவிட்டுப் போவதை என்னால் சகிக்க முடியாது.)

பாப்லோ: "யோ தம்போக்கோ. பேரோ எல் ச்சீக்கோ மெ காயெ பியென்." (என்னாலும் முடியாது. ஆனாலும் பையனை எனக்குப் பிடிக்கும்.)

பாப்லோ முதலில் 'ஆ மீ' என்கிறார், அப்புறம் 'யோ' என்கிறார். ஏன்? 'ஃபஸ்தீதியா' எனக்கு வகை வினை, அதனால் "எனக்கும்." 'சொப்போர்த்தோ' நான் வகை, அதனால் "நானும்." ஒருவர் "நோ மெ குஸ்தா" என்றால் ஒத்துப்போக "ஆ மீ தம்போக்கோ." ஒருவர் "ஓதியோ" என்றால் "யோ தம்பியென்." தமிழின் 'உம்' இரண்டுக்கும் பொருந்தும், ஸ்பானிஷில் முன்னால் 'நோ' இருந்தால் 'தம்போக்கோ', இல்லாவிட்டால் 'தம்பியென்.' மறுத்துச் சொல்ல வேண்டுமென்றால் "பூவெஸ் ஆ மீ சீ", எனக்குப் பிடிக்குமே. பாப்லோவின் கடைசி வரியையும் கவனியுங்கள்: செயலுக்கு ஒரு வினை, ஆளுக்கு ஒரு வினை. தட்டு கழுவாததைத் திட்டலாம், ஆளோடு பகையில்லை.

படி 8: நாட்டுக்கு நாடு மாறும் சொற்கள்

ஸ்பானிஷ் 20 நாடுகளில் அதிகாரபூர்வ மொழி. அன்பைவிட வெறுப்பில்தான் வட்டார வேற்றுமை அதிகம் என்பது என் எண்ணம்.

மெக்சிகோவில் "மெ ச்சோக்கா" என்றால் "எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது." அதே வாக்கியம் ஸ்பெயினில் "எனக்கு வியப்பாக, விசித்திரமாக இருக்கிறது." மெக்சிகோக்காரர் ஒருவர் உங்கள் யோசனையைப் பற்றி இப்படிச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பெயின்காரர் சொன்னால் விளக்கம் கொடுங்கள்.

சிலேயில் அன்றாடச் சொல் "மெ கார்கா." "மெ கார்கா எஸ்பெரார்", காத்திருப்பது எனக்கு ஆகவே ஆகாது. மலையைத் தாண்டி அர்ஜென்டினாவுக்குப் போனால் இதே வினைக்குக் கிண்டல் செய்தல் என்று பொருள். அர்ஜென்டினாவில் ஆளைப் பிடிக்காவிட்டால் "நோ லோ பான்க்கோ" என்பார்கள், நேர்மறையாக "தெ பான்க்கோ" என்றால் "நான் உன் பக்கம் நிற்கிறேன்." வெனிசுவேலாவில் சலிப்பூட்டும் எதற்கும் "கெ லதீயா", அது ஒரு வகைப் பேனின் பெயர், நண்பர்களுக்குள் மட்டும் சரி.

'அறேச்சோ' என்ற சொல்லிடம் ரொம்ப ஜாக்கிரதை. வெனிசுவேலாவில் "எஸ்தோய் அறேச்சோ" என்றால் கோபமாக இருக்கிறேன். கொலம்பியாவின் பல பகுதிகளில் அதற்குக் காமப் பொருள். 'கொஹேர்' என்ற வினையும் அப்படித்தான்: ஸ்பெயினில் எடுத்தல், பிடித்தல் என்று அப்பாவியாகப் புழங்கும், மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை. யார்மேலாவது 'மனீயா' வளர்ந்ததைச் சொல்ல ஸ்பெயின் நூல்கள் 'கொஹேர்' போடச் சொல்லும். 'தொமார்' போட்டுவிடுங்கள், எங்கும் வம்பில்லை.

பச்சையான சொற்களையும் கேட்பீர்கள். ஸ்பெயினில் "மெ ஹோதெ", மெக்சிகோவில் "மெ காகா." இவையும் 'எனக்கு' அச்சில்தான் வருகின்றன என்பதைக் கவனித்துக்கொண்டு, பயன்படுத்தாமல் விடுங்கள். கெட்ட வார்த்தையில் கடுமையின் அளவு தெரிய அந்த ஊரில் பல காலம் இருந்திருக்க வேண்டும். லத்தீன் அமெரிக்கச் சொல் எதிலாவது சந்தேகம் வந்தால், ஸ்பானிஷ் மொழிக் கழகங்களின் கூட்டமைப்பு 2010-இல் வெளியிட்ட அமெரிக்க வழக்குச் சொல்லகராதியைப் பாருங்கள். எந்த நாட்டில் என்ன பொருள் என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

படி 9: கடுப்பை அடக்கிச் சொல்வது

விருந்தாளியாகப் போன வீட்டில் "ஓதியோ எல் பெஸ்காதோ", மீன் என்றாலே வெறுப்பு, என்று சொல்லக்கூடாது. "நோ சோய் முய் தெ பெஸ்காதோ" என்றால் "எனக்கு மீன் அவ்வளவு பழக்கமில்லை" என்பதுபோல இதமாக இருக்கும். நம்மில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "நோ கோமோ கார்னெ", கறி சாப்பிட மாட்டேன், என்று மட்டும் சொன்னால் போதாது. பல இடங்களில் 'கார்னெ' என்றால் மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சி மட்டும் என்றே எடுத்துக்கொள்வார்கள். கோழியோ, பருப்புக்குள் பொடிப்பொடியாக வெட்டிய பன்றித் தொடைக்கறியோ வந்து சேரும். "நி ஹமோன், நி போயோ, நி பெஸ்காதோ" என்று பன்றி, கோழி, மீன் எல்லாவற்றையும் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள்.

அலுவலகத்தில் ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றால் "நோ மெ ஆசெ நிங்கூனா க்ராசியா." சொல்லுக்குச் சொல் பார்த்தால் "எனக்கு இது துளியும் வேடிக்கையாக இல்லை." தொனி மென்மை, உள்ளடக்கம் கடுமை. குரலை உயர்த்தாமல் சொன்னால் இதற்கு இருக்கும் வலு "ஓதியோ"வுக்குக்கூடக் கிடையாது. வேகத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லிவிட்டால் பின்வாங்க "தம்போக்கோ எஸ் பாரா தான்தோ", அந்த அளவுக்கெல்லாம் இல்லை.

ஆட்களைப் பற்றி அடக்கமாகச் சொல்ல "நோ எஸ் சான்தோ தெ மி தெபொசியோன்": அவர் நான் கும்பிடும் புனிதர் இல்லை. புதிதாக வந்த மேலாளரைப் பற்றி யாராவது வாயைக் கிளறினால் இதைச் சொல்லிவிட்டு காபியை எடுத்துக்கொள்ளுங்கள். மனதுக்குள் "நி என் பின்தூரா" ஓடிக்கொண்டிருந்தாலும் அது வெளியே போகாது; கேட்டவர் ஸ்பானிஷ்காரராக இருந்தால் அவருக்கே புரிந்துவிடும்.